என் மகள் வாசித்த அரிவரி

என் மகளுக்கு நாலு வயது நடந்தபோது, பள்ளிக்கூடம் போகுமுன்பே அவளை வாசிக்க வைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்குப் பிடித்திருந்தது. வெறி என்றுதான் சொல்ல வேண்டும். ஆசை என்று எழுதினால் என்னை நானே தடவிக்கொடுப்பதாகிவிடும். அந்த வெறியில் அவளுடைய பார்வை மங்கிக்கொண்டு போனதை நான் காணவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாகத் தினமும் மடியில் வைத்துப் புத்தகம் காட்டினேன். அந்தப் புத்தகம் அவளுக்குத் தெரிகிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் ஒரு பலனும் இல்லை.

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. சூறாவளி கூரையைக் கொண்டுபோன அடுத்த வருசம் அவள் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது நிரம்பியபோது அவளுடைய வாப்பா மேசன் வேலைக்குச் சவூதிக்குப் போனார். அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் ஆம்பிளைகள் இல்லை, கசட் ரேடியோ இருந்தது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டவர்களும் எழுதத் தெரியாதவர்களும் கசட்டில் கதைத்து அனுப்புவார்கள். எனக்கு எழுதத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான்.

எட்டாம் வகுப்பு என்பதில் ஒரு கதை இருக்கிறது. நான் பெரியபிள்ளையான கிழமையே என் புத்தகங்களைக் கட்டிப் பெட்டிக்குள் போட்டார்கள். என்னைக் கேட்டுச் செய்யவில்லை. வகுப்பில் முதலாம் இரண்டாம் பிள்ளையாக வந்தவள், குசினிக்குள் வந்து தேங்காய் துருவினேன். அந்தக் கோபம் கலியாணம் முடித்த பிறகும் ஆறவில்லை, பிள்ளை பெற்ற பிறகும் ஆறவில்லை. அதை அப்படியே எடுத்து மகளின் தலையில் வைத்தேன். அவள் ரீச்சராக வரவேண்டும். முதலாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் நாளிலேயே வாசித்துக் காட்டி முன் வரிசையில் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைத்தான் முன்னுக்கு இருத்துவார்கள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதில்தான் மறைந்து கிடந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதலில் வருகிற படிப்பு குர்ஆன் ஓதல்தான். விடிந்ததும் சின்னதுகள் தொப்பியும் முக்காடுமாக ஓதப் போகும். ஓதிக்கொடுக்கிற லெப்பை முதலில் ஓதுவார், பிள்ளைகள் திருப்பி ஓதும். முதலில் வாய் பழக வேண்டும், எழுத்து பிறகு தானாக வரும் என்பது கணக்கு. கையில் ஓர் ஈர்க்குக் குச்சி இருக்கும். ஓதும்போது அதை எழுத்துக்கு மேலே வைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் குரலைத்தான் கேட்பார்கள். குரல் பிசகாமல் போனால் பிள்ளை நன்றாக ஓதுகிறது. குச்சியின் முனை எந்த எழுத்தில் நிற்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஓதலுக்கு அது சரி, ஓசை பிசகக்கூடாது என்பதற்காக வந்த முறை அது. நானும் அப்படித்தான் ஓதினேன். அதே முறையை, எழுத்துப் பழக்குகிற தமிழ் அரிவரிப் புத்தகத்துக்கும் வைத்தது என்னுடைய புத்தி.

எழுத்துகளை மட்டும் வேறு விதமாகப் பழக்கினேன். கடற்கரை மணலைச் சலித்துச் சுளகில் பரப்பி, தண்ணீர் தெளித்து, விரலால் ஆழமாக ஆனா எழுதுவேன். பிறகு அவளுடைய விரலைப் பிடித்து அந்தக் கோட்டுப் பள்ளத்தின் வழியே ஓட்டுவேன். மூன்றாம் நாள் என் பிடி இல்லாமலே ஓட்டினாள். புளியங்கொட்டைகளை எழுத்தின் வடிவத்தில் அடுக்கி வைத்தால், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய், கடைசிக் கொட்டையில் கை வைத்தபடி எழுத்தின் பெயரைச் சொல்வாள். ஒரு மாதத்துக்குள் உயிரெழுத்துகள் எல்லாம் வந்துவிட்டன. ஒரு நாள் முகட்டைப் பார்த்துக்கொண்டே மணலில் ஈனா எழுதினாள். நான் பூரித்துப் போனேன். பார்க்காமலே எழுதுகிறாள், எவ்வளவு மூளை என்று நினைத்தேன்.

அவளுடைய கண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிகவும் பெரிய கண்கள். கறுப்பு விழி அகன்று, இலேசாக நீலம் பாய்ந்து, எப்போதும் ஈரமாகப் பளபளக்கும். வீட்டுக்கு வருகிற பெண்கள் அவள் நாடியைப் பிடித்துத் தூக்கி, கண்ணென்றால் இதுதான் கண் என்பார்கள். நான் உள்ளே பெருமைப்பட்டுக்கொண்டு வெளியில் பயப்படுவேன். கண்ணூறு பட்டுவிடும் என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவேன். கண்ணில் நீர் வடிந்தால் கொத்தமல்லி அவித்த தண்ணீரால் கழுவி, சுறுமா இட்டுவிடுவேன். வெயிலில் இறங்கினால் தலையைக் குனிந்துகொண்டு என் சீலைக்குள் முகத்தைப் புதைப்பாள். அதற்கும் ஊரில் பாராட்டுத்தான் கிடைத்தது.

"பொம்புளப் புள்ளயெண்டா இப்பிடித்தான் இருக்கணும். அண்ணாந்து ஒருத்தரையும் பாக்குதில்ல" என்றார்கள்.

வாசற்படியில் தடுக்கி விழுவாள். வைத்த இடம் மாறிவிட்டால் தண்ணீர்க் குடத்தில் போய் மோதுவாள். "கண்ண எங்க வெச்சிக்கிட்டு நடக்கிற?" என்று கத்துவேன். எல்லாத் தாய்மாரும் கத்துவதுதான். நானும் எத்தனை தரம் கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மணலில் எழுதியவள் சிலேட்டில் ஒழுங்காக எழுத மறுத்தாள். எழுத்தின் மேலேயே எழுத்தை எழுதினாள். நான் ஆனா போட்டுக் கொடுத்து, பக்கத்தில் எழுது என்றால், அந்த ஆனாவின் தலையிலேயே கோடு இழுத்தாள். வீம்பு என்று நினைத்தேன். புத்தகத்தைக் கொடுத்தால் முகத்தோடு ஒட்டிக்கொள்வாள். தாளில் மூக்குப் படும். அது எனக்குச் சகிக்கவில்லை. முன் வரிசையில் உட்கார வேண்டிய பிள்ளை இப்படிப் புத்தகத்தை மோந்துகொண்டிருந்தால் என்ன சொல்வார்கள்?

"மூக்காலயா வாசிக்கிற?" என்று பிடரியில் ஒன்று வைத்தேன்.

ஒரு தரம் இல்லை. நாலைந்து நாள் தொடர்ந்து வைத்தேன். பிறகு அவள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். புத்தகத்தை மடியில் விரித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, விரலை வரியில் வைத்து, கணீரென்று சொல்லத் தொடங்கினாள். "ஆடு வந்தது. ஆடு இலை தின்றது. இலை பச்சை இலை." பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்புவாள். அடுத்த பக்கத்தையும் பிசகாமல் சொல்வாள். நான்தான் ஒவ்வொரு பக்கத்தையும் நூறு தரம் சொல்லிக் கொடுத்திருந்தேனே. எந்தச் சொல்லோடு பக்கம் முடியும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். அடித்துத் திருத்திவிட்டேன் என்று நிம்மதியானேன். கிட்டப் பிடித்துப் பார்க்கிற அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டேன் என்று இன்று தெரிகிறது.

அந்த வாசிப்பைக் கசட்டில் பிடித்து அவளுடைய வாப்பாவுக்கு அனுப்பினேன். அவர் பதில் கசட்டில் அழுதுகொண்டே சிரித்தார். கூட இருக்கிறவர்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டியதாகவும், ஒருவன் திரும்பத் திரும்பப் போடச் சொன்னதாகவும் சொன்னார். ஒழுங்கையில் இருந்த பெண்கள் பின்னேரங்களில் வந்து உட்கார்ந்து அவள் வாசிக்கக் கேட்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை.

அடுத்த வளவில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண் இருந்தார். சொந்தம் இல்லை, மூத்தவர் என்பதால் ராத்தா என்று கூப்பிடுவேன். அவருடைய மகன் முதலாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன். ஒரு நாள் காலையில் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கோவிக்காதகா. ஒண்டு செல்லணும். புள்ள என்ட முகத்தப் பாக்குதில்ல. சத்தம் வாற பக்கத்தத்தான் பாக்குது. ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டன்."

"என்ட புள்ள நாலு வயசில வாசிக்குது ராத்தா. கண் தெரியாமலா வாசிக்குது?"

"எனக்குத் தெரியாகா. மனசில பட்டதச் சென்னன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பிள்ளைக்கு வராதது என் பிள்ளைக்கு வந்துவிட்டது என்ற எரிச்சல் என்று நினைத்தேன். அன்றைக்கே மிளகாய் எடுத்து, அந்தப் பெண்ணின் வாயை நினைத்துக்கொண்டு, பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கமறவில்லை. நெடி வராவிட்டால் கண்ணூறு இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் ராத்தாவோடு கதைக்கவில்லை. இடியப்பத்தைக்கூட வேறு இடத்தில் வாங்கினேன். அந்த எட்டு மாதத்தில் என்ன போனது என்று பிறகு ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னார்கள்.

அவளுக்கு ஐந்து வயது ஆகப்போன நேரம், சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒருவர் லீவில் வந்தார். என் கணவரோடு ஒரே அறையில் இருப்பவர். சீலைத்துணி, பால்மா, சவுக்காரம் என்று ஒரு பொதி கொண்டுவந்தார். கூடவே மகளுக்கென்று தனியாக ஒரு தாள். அவளுடைய வாப்பா தடித்த பேனையால், ஒவ்வோர் எழுத்தும் விரல் நீளம் இருக்க, நாலே வரி எழுதியிருந்தார். மகள் வாசித்ததை வாப்பா கேட்டேன், இனி வாப்பா எழுதியதை மகள் வாசிக்க வேண்டும் என்பதுதான் செய்தி.

"வாசிக்கச் செல்லிக் கேட்டுக்கிட்டு வரச் சென்னாரு. போனா முதல் கேள்வியே இதாத்தான் இருக்கும்" என்றார் வந்தவர்.

வாசலில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். நான் அவளை வீட்டு முன் மண்டபத்தில் உட்கார வைத்து, தாளை மடியில் கொடுத்து, "வாப்பா எழுதியிருக்கார், வாசிங்க மகள்" என்றேன். அவள் தாளைத் தடவி நீவினாள். முதுகை நேராக்கினாள். விரலை ஓரத்தில் வைத்தாள்.

"ஆடு வந்தது. ஆடு இலை தின்றது" என்று தொடங்கினாள்.

நான் நிறுத்தச் சொன்னேன். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். வந்தவர், சின்னப் பிள்ளைதானே என்று சொல்லித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். எல்லாரும் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். காலிலும் கையிலும் அடித்தேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. அடித்தது நினைவிருக்கிறது, அடிக்கும்போது என் மனதில் பிள்ளை இல்லை, மானம்தான் இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

"கள்ளி. இவ்வளவு நாளும் என்ன ஏமாத்தினியா?"

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "வாசிச்சன்தானே உம்மா. சத்தம் காணாதா? இன்னும் சத்தமா வாசிக்கட்டா?"

நான் தாளைப் பறித்து அவள் முன்னால் தரையில் வைத்தேன். முதல் எழுத்தைக் காட்டினேன். "இது என்ன எழுத்து? செல்லு."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் தாளின் மேல் வைத்தாள். மேலிருந்து கீழாகத் தடவினாள். ஓரங்களைத் தொட்டாள். திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தையும் தடவினாள். பிறகு முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"இதில எழுத்து ஒண்டும் இல்லயே உம்மா."

கையில் இருந்த ஈர்க்கைக் கீழே போட்டேன். தாளைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவளுடைய கண் தாளின் பக்கம் திரும்பவில்லை. கிட்டக் கொண்டுபோனேன். இடது கண்ணில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனபோதுதான், "கறுப்பா என்னவோ கிடக்கு" என்றாள். வலது கண்ணுக்கு அதுவும் இல்லை. அவள் அடி விழும் என்று நினைத்துத் தலையை இழுத்துக்கொண்டாள். கிட்டப் பார்த்ததற்கு நான் அடித்த அடி அவளுக்கு மறக்கவில்லை.

நான் வேலிக்கு ஓடினேன். எட்டு மாதம் கதைக்காத ராத்தாவைத்தான் கூப்பிட்டேன். அவர் மாவுக் கையைக் கழுவிவிட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே வந்தார். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் டோர்ச் அடித்துப் பார்த்த டொக்டர், உடனே கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். உடனே என்ற சொல்லுக்கு அந்தக் கலவர நாட்களில் எங்கள் பக்கத்தில் அர்த்தம் இல்லை. ஒரு நாள் பஸ் ஓடினால் நாலு நாள் ஓடாது. பாதையில் என்ன நடக்கிறது என்று காலையில் ஒரு கதை வரும், மாலையில் வேறு கதை வரும். மூன்று கிழமை கழித்துத்தான் என் காக்கா, என் மூத்த சகோதரர், எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கொழும்பில் பார்த்த டொக்டர் சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் இடையில் நின்று சொன்னார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உள்ளிருந்து நெருக்குகிறதாம். அப்படி நெருக்கி நெருக்கித்தான் கண் பெருத்திருக்கிறது. கைக்குழந்தையில் தொடங்கியிருக்கும். வெயிலுக்குக் கூசுவதும் நீர் வடிவதும் அதனால்தான். நாங்கள் அழகு என்று சொன்னதும் வெட்கம் என்று சொன்னதும் எல்லாம் வருத்தம்தான், நோய்தான். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனதைத் திருப்பித் தர ஏலாது.

"எப்ப இருந்து பார்வை குறைஞ்சது எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றார் நேர்ஸ்.

"எனக்குத் தெரியா. அவ வாசிச்சிக்கிட்டு இருந்தா."

நேர்ஸ் அதை உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். டொக்டர் பேனையை வைத்துவிட்டுத் திரும்ப அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஏழெட்டு மாதம் முந்தி வந்திருந்தால் இடது கண்ணில் புத்தகம் வாசிக்கிற அளவுக்குப் பார்வையைப் பிடித்து வைத்திருக்கலாம் என்று நேர்ஸ் பிறகு மெதுவாகச் சொன்னார். காக்கா வெளியே போய் நின்றுகொண்டார்.

இடது கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளிச்சமும் நிழலும், ஆள் நிற்கிறதா இல்லையா என்பதும் மிஞ்சின. மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் வைத்திருந்துவிட்டு, அவளுடைய வாப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அடித்ததையும் எழுதினேன். பதில் கடிதத்தில் சாமான் பற்றி, சுகம் பற்றி எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "பக்கத்தில் இருந்த உனக்குத் தெரியவில்லையா?" அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. நானும் பதில் எழுதவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அவளோடொத்த பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு ஒழுங்கையால் போனார்கள். அவள் மண்டபத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தம் கரையும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் அரிவரிப் புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. நான் ஒளித்தும் வைக்கவில்லை, எரிக்கவும் இல்லை. தொட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம், எதிர்வீட்டுப் பையன் தன் வாசலில் உட்கார்ந்து பாடம் வாசித்தான். புதிதாக வாசிக்கிற பிள்ளை, எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, ஒரு சொல்லுக்கு மூன்று தரம் திரும்பி வந்து வாசித்தான். நான் கடல் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டாள்.

"அவன் ஏன் உம்மா நிண்டு நிண்டு வாசிக்கிறான்?"

"ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து வாசிக்கிறான் மகள்."

"எதால பாக்கிறான்?"

நான் கத்தியை வைத்தேன். "கண்ணால."

பையன் அதே சொல்லில் நாலாம் தரம் தடக்கினான்.

"வாசிக்கிறது கண்ணாலயா உம்மா?"

"ஓம் மகள்."

"அத நீங்க எனக்குச் செல்லித் தரல்லயே" என்றாள். குற்றம் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்ட குரல்தான் அது.

"ஓம் மகள், செல்லித் தரல்ல" என்றேன்.